ஒன்பதாம் வகுப்புக்குப் போன அவசரச் சட்டம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாநிலச் சட்டங்களைக் கண்காணிக்க வேண்டியவர்கள் எதிர்க்கட்சியினரா, குடிமக்களா என்பது தலைப்பு. குடிமக்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "சம்பளம் கொடுத்துக் காவலுக்கு ஆள் வைத்த பிறகு, வீட்டுக்காரன் ஏன் கண்விழிக்க வேண்டும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். என் அணியில் இருவர் தட்டியதையும் கவனித்தேன்.

அண்ணனைப் பீகாருக்குக் கூட்டிப்போகிறேன். பேரவை கூடாத காலத்தில் தலைபோகிற காரியம் வந்தால் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம். பேரவை மீண்டும் கூடி ஆறு வாரத்துக்குள் அதைச் சட்டமாக்காவிட்டால் அது காலாவதி. பீகாரில் என்ன செய்தார்கள்? கூட்டத்தொடர் முடிந்ததும், அந்த ஆறு வாரம் தீர்வதற்குள், அதையே ஏறக்குறைய அப்படியே மறுபடி பிறப்பித்தார்கள். அடுத்த தொடர் முடிந்ததும் மறுபடி. 1967 முதல் 1981 வரை பேரவை இயற்றிய சட்டங்கள் 189. அவசரச் சட்டங்களோ 256! கரும்புக் கொள்முதல் பற்றிய ஒன்று ஏறத்தாழ 14 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அவசரத்துக்குப் பிறந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டது, நடுவர் அவர்களே.

கணக்கெடுத்தது யார்? பாட்னா பேரவையில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். எங்கோ புனேயில், கோகலே நிறுவனத்தில் இருந்த பொருளாதாரப் பேராசிரியர் டி.சி. வாத்வா. எந்த அவசரச் சட்டம் என்று பிறந்தது, எத்தனை மறுபிறவி எடுத்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். உச்ச நீதிமன்றம் போனார். உமக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்டது மாநிலத் தரப்பு. அரசமைப்புப்படி இயற்றிய சட்டத்தால்தான் என்னை ஆள வேண்டும் என்று வலியுறுத்த ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றது 1986 டிசம்பர் தீர்ப்பு. பீகார் அரசு அவருக்கு 10,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்கவும் உத்தரவிட்டது.

எதிர்க்கட்சி என்ன செய்தது என்கிறீர்களா? அந்த ஆண்டுகளில் பாட்னாவில் காங்கிரசும் ஆண்டது, காங்கிரசை எதிர்த்தவர்களும் ஆண்டார்கள். நாற்காலி மாறியது, அவசரச் சட்டம் மாறவில்லை. நாளை தனக்கே பயன்படப்போகிற குறுக்குவழியை இன்று யார் அடைப்பார்கள்?

சரி, பீகார் தூரம். நம் பேரவைக்கு வருவோம். 2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா. திருத்த மசோதாவை வாசித்துப் பாருங்கள்: 'இன்ன பிரிவுக்குப் பின் கீழ்க்காணும் பிரிவு சேர்க்கப்படும்' என்றிருக்கும். மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்துவைக்காமல் ஒன்றும் விளங்காது. விரித்துப் பார்த்தவர்களுக்கு விளங்கியது: எந்த ஆலைக்கும் வேலைநேர விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசின் கைக்குப் போகிறது. பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் கதவு திறக்கிறது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மசோதா நிறைவேறியேவிட்டது!

நிறுத்தியது யார்? தொழிற்சங்கங்கள். மூன்றே நாளில், 24ஆம் தேதி, அவர்களோடு பேச்சு நடந்தது; அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளில், திரும்பப் பெற்றாயிற்று என்று முதலமைச்சர் அறிவித்தார். சங்கங்களும் கட்சிக்காரர்கள்தானே என்பார் அண்ணன். இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கப்போவது தங்கள் கால் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளிநடப்புச் செய்தவருக்கு வெளியே கார் நின்றது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அண்ணனிடம் ஒரே கேள்வி. சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறீர்களே, அந்தக் காவலாளி, அதாவது உங்கள் தொகுதி உறுப்பினர், கடந்த கூட்டத்தொடரில் எந்த மசோதா மீது பேசினார்? ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள், இங்கேயே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். என் தொகுதியைப் பற்றித் திருப்பிக் கேட்காதீர்கள். எனக்கும் நேற்று இரவுதான் தெரியும்.