மெதுவாக ஏறுபவர் முன்னால் போகட்டும்

வணக்கம் நண்பர்களே. மேட்டுப்பாளையம்–கோத்தகிரி ரோட்டில் அரவேணுவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். பஸ் போகும்போது ஹாரன் சத்தம் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட வந்திருக்கிற என் கணவருக்குக் கேமரா என்றாலே ஆகாது, அதனால் வழக்கம்போல நான் மட்டும்தான் பேசப்போகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் தஜிகிஸ்தானுக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து ஒரு கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. மலையில் ஒருத்தர் வேகமாக ஏறுவார், இன்னொருத்தர் மெதுவாக ஏறுவார், அப்புறம் எப்படிச் சேர்ந்து போவீர்கள்? இது ரொம்ப முக்கியமான கேள்வி. டென்ட் எது, டயர் எது என்பதையெல்லாம் இதற்குப் பிறகுதான் பேச வேண்டும்.

எங்களில் ஏற்றத்தில் வேகம் நான். அவர் என்னைவிடக் கனமானவர், நிதானமாகத்தான் மிதிப்பார். அதனால் அவர்தான் முன்னால் போவார். மெதுவாக ஏறுபவர் முன்னால், வேகமாக ஏறுபவர் பின்னால். இதுதான் எங்கள் வழக்கம்.

ஏன் என்று சொல்கிறேன். வேகமாகப் போகிறவர் முன்னால் போனால் என்ன நடக்கும்? நாலு வளைவு தாண்டி ஒரு திட்டில் உட்கார்ந்து காத்திருப்பார். பின்னால் வருபவர் மூச்சு வாங்க அங்கே வந்து சேரும்போது முன்னால் போனவருக்குக் களைப்பெல்லாம் தீர்ந்திருக்கும். "வந்துட்டியா, கிளம்பலாமா?" என்பார். ஓய்வு தேவைப்படுகிற ஆளுக்கு ஓய்வே கிடைக்காது, தேவைப்படாதவருக்கு வேண்டிய மட்டும் கிடைக்கும். ஒரு நாள் என்றால் தாங்கலாம். மாதக்கணக்கில் இப்படியே போனால் மனக்கசப்புதான் மிஞ்சும். "நீ போய்க்கிட்டே இரு, நான் வந்துடறேன்" என்று ஒருத்தர் சொல்ல ஆரம்பித்துவிட்டால், அந்தப் பயணத்தை அன்றைக்கே நிறுத்தி உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்பது என் கருத்து.

பின்னால் வருவதில் இன்னொரு நன்மை, எனக்கு அவர் தெரிவார். அவர் களைக்கும்போது இடது முழங்கால் வெளிப்பக்கமாக விரிய ஆரம்பிக்கும். தோள் இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் ஆடும். அவர் வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு வளைவுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்குக் குஞ்சப்பனை தாண்டி அப்படித்தான் ஆனது. "ஏங்க, அந்தத் திட்டுக்கிட்ட நிறுத்திக்கலாமா, எனக்குத் தண்ணி வேணும்" என்றேன். நின்றோம், ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் சாப்பிட்டோம், கிளம்பினோம். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில் யானை வரும். அங்கே மட்டும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் நிறுத்த மாட்டோம். இங்கே சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுமைக்கு வருகிறேன். டென்ட், அடுப்பு, பாத்திரம், ரிப்பேர் சாமான் எல்லாம் என் வண்டியில். அவர் வண்டியில் துணிமணியும் தூங்கும் பையும் மட்டும். போகிற வழியில் நிறையப் பேர் அவரைப் பார்த்து, "என்ன தம்பி, பொண்ணு மேல இவ்வளவு சுமையை ஏத்திட்டீங்க" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் சுமையைப் பிரிப்பதற்கு ஆண், பெண் கணக்கு கிடையாது. யாருக்கு ஏற்றத்தில் மூச்சு மிச்சம் இருக்கிறதோ அவருக்குத்தான் கூடுதல் எடை. அப்படிப் பிரித்தால் இருவர் வேகமும் தானாகவே பக்கத்தில் வந்துவிடும்.

கியரும் அதே கணக்குதான். எங்கள் வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 26 பல், பின்னால் பெரியதில் 36 பல். சக்கரம் 26 இன்ச். ஒரு மிதிக்கு வண்டி ஒன்றரை மீட்டர் அளவுதான் நகரும். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நல்ல நடையே அந்த வேகம் வரும், ஆனால் அதே மிதியில் நாள் முழுக்க ஏறலாம். முழங்கால் தப்பிக்கும். கடையில் ரோடு பைக் (தார் ரோட்டில் வேகமாக ஓட்டுகிற சைக்கிள்) கியரைக் காட்டி "இதுவே போதும்" என்பார்கள். பையில்லாமல் ஓட்டுகிறவர்களுக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

இப்போது, ஏன் இங்கே பழகுகிறோம் என்பதற்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம். கோத்தகிரி 1,800 மீட்டர் பக்கம். இதை முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில் ஏறுகிறோம். தஜிகிஸ்தானில் நாங்கள் ஓட்டப்போகிற பாமிர் மலைச் சாலை வேறு மாதிரி. தலைநகர் துஷான்பேயிலிருந்து கிளம்பி, பஞ்ச் ஆற்றின் கரையோடு பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். அவ்வளவு தூரம் போய்ச் சேருகிற கோரோக் நகரம் கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம்தான். அதற்கு மேலேதான் பெரிய ஏற்றங்கள். முர்காப் என்ற ஊர் 3,600 மீட்டர், அதைத் தாண்டி அக்-பைடால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அந்த உயரத்துக்கு நீலகிரி பழக்கிவிடாது. தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கால், கியர், பிரேக், இரண்டு பேர் பழக்கம், இவ்வளவுதான் இங்கே கிடைக்கும். உயரத்துக்கு அங்கேதான் பழக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இன்றைக்குத் தூங்குகிற இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்கிற பொதுவான கணக்கு. அங்கேயும் ஆளைப் பின்னாலிருந்து பார்ப்பதுதான் உயிரைக் காக்கும். உயர நோய் முற்றினால் ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும், அது அவருக்கே தெரியாமல் போகலாம். அவர் ஒரு கிலோமீட்டர் பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தால் யார் பார்ப்பது? அந்த அறிகுறி தெரிந்த நிமிடமே கீழே இறங்கிவிட வேண்டும்.

இறக்கத்தில் எங்கள் வரிசை மாறும். கனமானவர் வண்டி வேகமெடுக்கும், நான் மெதுவாக இறங்குவேன், அதனால் நான் முன்னால். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். சூடேறிவிடும், சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் என்றால் ட்யூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டு இறங்குங்கள். மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை விதி, சைக்கிளுக்கும் அதுதான்.

இப்படி ஜோடியாகப் போவது புதிது என்று நினைக்காதீர்கள். ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்று ஒரு அமெரிக்கத் தம்பதி. 1897-இல் தொடங்கி, இலங்கை, ஜாவா, பர்மா, இந்தியா என்று கிட்டத்தட்ட 14,000 மைல் சைக்கிள் பயணம் செய்தார்கள். தொடங்கும்போது அந்த அம்மாவுக்கு 38 வயது, அவருக்கு 50. கியர் மாற்றுகிற வசதியே இல்லாத வண்டி. சில நாட்களில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள், ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் படுத்திருக்கிறார்கள். அவர்கள் கிளம்பிய வருடத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலே கிடையாது, அது 1899-இல்தான் வந்தது. எனக்குச் சோர்வு வரும்போது அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன். பின்னாளில் காரகோரம் மலைப் பனியாற்றில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் வார இதழைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டவர் அவர்.

அவர்களுக்கு இருந்த ஒரு வசதி நமக்கு இல்லை, திறந்த எல்லைகள். கோத்தகிரியிலிருந்து மிதித்தே நேபாளம் வரை போகலாம். மேற்கே பாகிஸ்தானுக்குப் போகும் அட்டாரி எல்லை 2025-இல் மூடப்பட்டது. கிழக்கே மணிப்பூரின் மோரே வழியாக மியான்மர் போக 2018-இல் வழி திறந்தது, 2020-இல் கொரோனாவோடு அதுவும் அடைபட்டது. அதனால்தான் விமானத்தில் துஷான்பே போய் அங்கிருந்து மிதிக்கப்போகிறோம். விசா ஆன்லைனில் கிடைக்கும். பாமிர் பகுதிக்குத் தனி அனுமதி உண்டு, அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

விமானத்தில் ஏற்ற சைக்கிளைக் கழற்றி அட்டைப் பெட்டியில் கட்ட வேண்டும். புது சைக்கிள் வருகிற பெட்டி இருக்கிறதே, அது இரண்டு வேண்டும். மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால், பெட்டியைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.