சீம்பாலுக்கு ஒரு கெடு உண்டு

நண்பர்களே, வணக்கம். விசுவாசத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றிப் பேச அழைத்தீர்கள். வாதங்களோடு வரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அப்புறம் அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு குதிரைப் பண்ணையில் நான் கழித்த ஓர் இரவைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் நோய் எதிர்ப்புப் புரதங்களை ஆராய்கிறவன், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவனும்கூட. அந்தப் பண்ணையை நடத்துவது ஒரே குடும்பம்: தாத்தா, பாட்டி, மகள், பத்து வயதுப் பேரன். வெளியாள் கிடையாது. ஒரு பெண்குதிரைக்குக் காம்பில் மெழுகு மாதிரித் துளிகள் கட்டியிருந்தன. இன்றோ நாளையோ ஈன்றுவிடும் என்றார்கள். குதிரை ஏறக்குறைய 11 மாதம் சுமக்கும், பெரும்பாலும் ஆளரவம் அடங்கிய இரவில்தான் ஈனும்.

சரி, காத்திருந்த நேரத்தில் பேரன் ஒரு குதிரையின் முன்காலைத் தடவச் சொன்னான். முழங்காலுக்குக் கீழே, நடு எலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் மெலிந்த எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. "இது எதுக்கு மாமா?" என்றான். சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் குதிரையின் முன்னோருக்கு முன்காலில் நான்கு விரல்கள் இருந்தன, நடுவிரல் வளர்ந்து குளம்பாயிற்று, பக்கத்து விரல்களில் மிஞ்சியவைதான் இவை என்றேன். "அப்ப கடவுள் படைக்கலையா?" என்று உடனே கேட்டான். டார்வினின் கருத்தை அமெரிக்காவில் முன்நின்று ஆதரித்த தாவரவியலாளர் ஆசா கிரே பக்தியுள்ள கிறிஸ்தவர் என்று அவனுக்குச் சொன்னேன். கடவுள் படைத்த விதம் இதுதான் என்று நான் நம்புகிறேன், அதையும் சொன்னேன். அவன் பதில் பேசாமல் அந்த எலும்பை இன்னொரு தரம் தடவிப் பார்த்தான்.

இரவு 2 மணிக்குக் குட்டி பிறந்தது. பண்ணைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: 1 மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். இந்தக் குட்டி எழுந்து நிற்கவே 4 மணி ஆகப் போயிற்று. நின்றும் மடியைக் கண்டுபிடிக்கவில்லை, தாயின் முன்காலையும் லாயத்துச் சுவரையும் முட்டி முட்டிச் சோர்ந்து படுத்துவிட்டது.

என் வயிறு கலங்கியது, ஏனென்றால் அந்தக் கெடு எனக்குத் தெரியும். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் எதிர்ப்புப் புரதங்கள் வந்துவிடுகின்றன. குதிரையின் நஞ்சுக்கொடி அவற்றை உள்ளே விடாது. குட்டி அநேகமாக எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்தான் பிறக்கிறது, எல்லாம் சீம்பாலில் வந்தாக வேண்டும். குடல் அந்தப் பெரிய புரதங்களை முழுசாக உள்ளிழுப்பது முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக நடக்கும், 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும்.

கால்நடை மருத்துவர் வந்துகொண்டிருந்தார். குட்டியின் வாயில் விரல் வைத்துப் பாருங்கள், சப்பினால் புட்டியில் கொடுக்கலாம், சப்பாவிட்டால் ஊற்றவே ஊற்றாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும், நான் வந்து குழாய் போடுகிறேன் என்று போனில் சொன்னார். மகள் விரலை வைத்தாள். சப்பியது! பாட்டி தாய்க்குதிரையின் பக்கத்தில் குனிந்து சீம்பாலைக் கறக்க ஆரம்பித்தார். தேன் போலக் கெட்டியாக, மஞ்சளாக இறங்கியது. கறந்துகொண்டே, "ஆண்டவரே, இது உம்முடைய குட்டி" என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக ஆய்வகத்தில் ஒரு மனிதனாகவும் ஆலயத்தில் வேறொரு மனிதனாகவும் இருந்துவந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் சோதனைக் குழாய்களில் வருடக்கணக்காக அளந்த அதே புரதம் அந்தப் புட்டியில் நிரம்பிக்கொண்டிருந்தது, அதற்காக நான் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை.

மறுநாள் இரவு மருத்துவர் குட்டியின் ரத்தத்தைப் பார்த்தார். டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் எதிர்ப்புப் புரதம் இருந்தால் தேறிவிடும். இருந்தது. பாட்டி அழுதார், நானும்தான்.

ஜெபமா, பாலா, எது காப்பாற்றியது என்று இதைக் கேட்டவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். பால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாலைத் தந்தவரிடம்தான் பாட்டி பேசிக்கொண்டிருந்தார். யோபு புத்தகத்தின் 39ஆம் அதிகாரத்தில் குதிரைக்கு வலிமை கொடுத்தது நீயா என்று கடவுள் யோபுவைக் கேட்கிறார். எத்தனையோ முறை வாசித்த இடம். இப்போது அதை வாசித்தால், சுவரை முட்டிக்கொண்டு நின்ற அந்தக் குட்டிதான் கண்முன் வருகிறது.