600 சதுர அடி வீட்டுக்கு 896 சதுர அடி கூரையா? ஓடு மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

[திரையில்: ஒரு பக்கம் ஓடு போட்ட கூரை, மறுபக்கம் தார்பாய்]

செங்கோட்டை பக்கம் எங்க சித்தப்பா வீடு இது. தெக்குப் பக்கம் ஜம்முனு புது ஓடு. வடக்குப் பக்கம் மூணுல ஒரு பங்கு ஓடு, மிச்சத்துக்கு நீலத் தார்பாய். சாரல் தொடங்க பத்தே நாள். ஓடு தீர்ந்துபோச்சு! யாரும் திருடல. சித்தப்பா கணக்குல தப்பு. அந்தத் தப்பை நீங்களும் பண்ணிடக் கூடாதுன்னுதான் இந்த வீடியோ.

வரலாறு முப்பது செகண்ட்ல. நம்ம ஊர்ல சீமை ஓடுன்னு சொல்றோமே, அது மங்களூர் ஓடு. 1865-ல பாசல் மிஷன்ங்குற கிறிஸ்தவப் பாதிரியாருங்க அமைப்பு நேத்திராவதி ஆத்தோரம் தொழிற்சாலை போட்டு ஆரம்பிச்சது. அவ்வளவுதான், வாங்க மேட்டருக்கு.

சித்தப்பா வீடு 30 அடி நீளம், 20 அடி அகலம். 600 சதுர அடி. "நூறு சதுர அடிக்கு 144 ஓடு பிடிக்கும்"னு ஆசாரி சொன்னார். ஆறைப் பெருக்கி 864 ஓடு இறக்கிட்டார் சித்தப்பா. ஆசாரி சொன்னது சரி. பெருக்கலும் சரி. ஆனா அளந்தது தரையை! மழை தரையிலயா பெய்யுது?

கூரைக்கு ரெண்டு பக்கமும் எறவாரம் 2 அடி வெளிய நீட்டியிருக்கு. முன்னும் பின்னும் ஒவ்வொரு அடி. அப்ப நீளம் 32. ஒரு பக்கத்துச் சாய்வுக்கு அடியில படுக்கை அளவு, பாதி அகலம் 10, எறவாரம் 2, மொத்தம் 12. எறவார நுனி மட்டத்துல இருந்து முகடு 7 அடி உயரம். இப்ப சாய்வு எத்தனை அடி?

"மேல ஏறி டேப்பைப் போட்டா முடிஞ்சுது"ன்னு கமெண்ட் போடப் போறீங்க. தாராளமா ஏறுங்க. முப்பது வருஷமா கரையான் குடியிருக்குற ரீப்பர், அதாவது ஓடு உக்காருற குறுக்குச் சட்டம், உங்களைத் தாங்கினா, அளவை எனக்கும் அனுப்புங்க.

[திரையில்: செங்கோண முக்கோணம்]

ஏறாமலே கண்டுபிடிக்க எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. பித்தாகரஸுக்கு முன்னாடியே தமிழன் சொன்னான்னு வாட்ஸ்அப்ல ஒரு கர்ணம் பாட்டு சுத்துமே, ஞாபகம் இருக்கா? கர்ணம்னா செங்கோண முக்கோணத்துல சாய்வா இருக்குற பக்கம். அது எவ்வளவு பழசுங்குற சண்டைக்கு நான் வரல. ஆனா அந்தக் கணக்கு கூரைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு! படுக்கை அளவை எட்டாப் பங்கு போடு, ஒரு பங்கைத் தள்ளு, உயரத்துல பாதியைச் சேரு. வர்க்கமூலம் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

நம்ம 12 அடியை எட்டாப் போட்டா பங்கு ஒன்றரை. ஒண்ணைத் தள்ளினா பத்தரை. 7-ல பாதி மூணரை. மொத்தம் 14 அடி. கால்குலேட்டர்ல பித்தாகரஸ் போட்டுப் பார்த்தேன், 13.89. ஒன்றரை இஞ்ச்கூட வித்தியாசம் இல்லீங்க! இன்னொண்ணு: படுக்கை 12, உயரம் 5 போடுங்க. பத்தரை, கூட ரெண்டரை, 13. துல்லியம்! 4-க்கு 3 போட்டா 5. அதுவும் துல்லியம்! ராத்திரி ஒரு மணி வரைக்கும் இதையே போட்டுட்டு இருந்தேன், வீட்ல திட்டு.

ஆனா இதை எல்லாத்துக்கும் தூக்கிட்டுப் போகாதீங்க. தகர ஷீட் மாதிரி சாய்வு கம்மியான கூரைக்கு, படுக்கை 10, உயரம் 1 போட்டா ஒன்பதேகால் வருது. சாய்வு, படுக்கையை விடச் சின்னதாம்! அப்படிக் கூரை போட்டா வீட்டுக்கு நடுவுல வானம் தெரியும். ஓட்டு வீட்டுச் சாய்வுக்குத்தான் இது சரிப்படும்.

சரி, 14-ஐ 32-ஆல பெருக்கினா 448. ரெண்டு பக்கம் 896 சதுர அடி. ஓடு 1,290. கூடுதலா வந்த 296 சதுர அடியில 168 வெறும் எறவாரம், 128-தான் சாய்வு. நானும் சாய்வுதான் பெரிய திருடன்னு நினைச்சிருந்தேன்.

உடைசலுக்கு நூத்துக்குப் பத்து சேர்த்து 1,420-ஆ ஒரே லோடுல வாங்குங்க. ஏன் ஒரே லோடு? சித்தப்பா ரெண்டாவது தடவை வேற இடத்துல வாங்கினார். காடி சேரல. ஒரு ஓட்டுப் பள்ளத்துல அடுத்த ஓடு உக்காரவே மாட்டேங்குது! வேற அச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஓட்டை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊற வச்சு மறுபடி போடுங்க. நூத்துக்கு இருபதுக்கு மேல எடை ஏறினா அந்தச் சரக்கு வேண்டாம். காய்ஞ்ச ஓடு இரண்டரை கிலோன்னாலும் 1,290 ஓடு மூணு டன்னைத் தாண்டுது. குடிக்கிற தண்ணியையும் சேர்த்துச் சுமக்குறது உங்க பழைய மரம்தான்.

மரம்னதும் வயித்துல புளியைக் கரைக்கும். முகட்டுல இருந்து எறவாரம் வரைக்கும் சாய்வா இறங்குற சட்டம்தான் கைமரம். ரெண்டடிக்கு ஒண்ணு வச்சா பக்கத்துக்கு 17, மொத்தம் 34, ஒவ்வொண்ணும் 14 அடி. பன்னிரண்டரை இஞ்சுக்கு ஒரு ரீப்பர், பக்கத்துக்கு 15 வரிசை, மொத்தம் 960 அடி. நாலு இஞ்சுக்கு ரெண்டு இஞ்ச் கைமரமும் ரெண்டு இஞ்சுக்கு ஒரு இஞ்ச் ரீப்பரும் சேர்ந்து ஏறக்குறைய 40 கன அடி. சும்மா ஒரு பேச்சுக்கு ஓடு 40 ரூபாய், மரம் கன அடி 1,500-னு வைங்க. ஓடு 56,800. மரம் 60,000! உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. அதனால பழைய கைமரத்தை ஒவ்வொண்ணா உளியால குத்திப் பார்த்துட்டு அப்புறம் தள்ளுங்க. வைரம் பாய்ஞ்ச பனங்கையை விறகு விலைக்குக் கொடுத்துட்டு புதுச் சட்டத்துக்குக் கடன் வாங்குறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

முகட்டு ஓடு 26 போதும். கூலி பேசும்போது பழசை இறக்குறது, சாரம், முகட்டுப் பூச்சு எல்லாம் அதுல சேர்த்தியான்னு வாய்விட்டுக் கேட்டுடுங்க. இறக்குறது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா உடைக்க விடாதீங்க, நனைச்சு முழுசா இறக்கச் சொல்லுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

சித்தப்பா வீட்டு வடக்குப் பக்கம்? கடைசியில, பக்கத்துத் தெருவுல இடிச்ச வீட்டுப் பழைய ஓடு அளவெடுத்த மாதிரி காடி சேர்ந்துச்சு. இப்ப அந்தப் பக்கம் கூரை ரெண்டு கலர்ல இருக்கு. சித்தப்பா டிசைன்னு சொல்லிக்கிறார். உங்க வீட்டு ஓட்டையும் ஒண்ணு கவுத்துப் பாருங்க, அடியில என்ன பேர் அச்சடிச்சிருக்குன்னு கமெண்ட்ல போடுங்க.