டம்ளரை வைத்துவிட்டு ஸ்பூனை எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வாந்தியும் பேதியுமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள் என்னிடம் முதலில் சொல்வது இதுதான்: "எது குடுத்தாலும் கக்கிடுறான் டாக்டர்." எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், டம்ளரில் என்பார்கள். தாகத்தில் பிள்ளை மடமடவென்று குடிக்கும், வயிறு அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலை ஸ்பூனால் கொடுங்கள், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். பொறுமை வேண்டிய வேலை. வீட்டில் முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாக்களும்தான். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு 1971 நினைவுக்கு வரும். வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் உள்ள பன்காவ் ஊரில் அகதிகளிடையே காலரா. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் அங்கே போனார். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டே வந்தது. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் பொட்டலம் கட்டவைத்தார், தண்ணீரில் கரைத்து டிரம்மில் நிரப்பினார். ஊட்டியது யார் என்கிறீர்கள்? நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான்! கோப்பையில் பிடித்துப் போய்ப் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. முகாமில் முடிந்தது நம் வீட்டில் முடியாதா?

காரணம் எளிது. பேதியாகும்போதும் குடல் சர்க்கரையை உறிஞ்சும்; சர்க்கரையோடு உப்பு போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். ஆனால் அளவு முக்கியம். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதியை டம்ளரில் கொட்டிக் கலக்குவது பலர் வீட்டில் நடக்கிறது, அது உப்பு மிகுந்துபோய் ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கடையில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்குவது என் நெடுநாள் எரிச்சல். சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, பேதி அதிகமாகும். அப்படிப்பட்ட பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நல்லது, தாமதமாகவாவது வந்ததே! சோடா, பழரசம் எதுவும் வேண்டாம். பாக்கெட் கிடைக்கும்வரை உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் போதும்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு பேதிக்கும் பிறகு, இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி; பெரிய குழந்தைக்கு 100 முதல் 200. மறுபடியும் சொல்கிறேன், ஸ்பூனால்.

நேரம் முடிகிறதாம். கண் குழிவிழுந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், குடிக்கக்கூட முடியாமல் துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி. பேதிக்குக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை பற்றி விரிவாகப் பேச வந்தேன், முடியவில்லை: 14 நாள் கொடுக்க வேண்டும், பேதி நின்றாலும். அளவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வணக்கம்.