நோய்க்கும் பார், பேய்க்கும் பார்

(காரைக்குடியில் கந்த சஷ்டி மாலையொன்றில் பேசியது. பேசியபடியே, கொஞ்சம் சுருக்கி.)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, கோயில் காரியம் பார்க்கும் பெரியவர்களே, பள்ளத்தூரிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் முருகனே கோபித்துக்கொள்வான். அவருக்குப் போடுகிற பொன்னாடையெல்லாம் மறுநாளே முதியோர் இல்லத்துக்குப் போய்விடும். இன்று எனக்குப் போட்டதையும் வாங்கி வைத்துக்கொண்டார், கவனித்தேன். டாக்டர் ஐயா சஷ்டி விரதம், காலையிலிருந்து வெறும் பால்தான். அவரை ரொம்ப நேரம் உட்கார வைக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். பார்ப்போம்.

நோயில் துணை நிற்கும் நம்பிக்கை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: நோய் தெரியவரும் நாள், சிகிச்சை நடக்கும் காலம், குணமாகி வீடு திரும்பிய பிறகு. மூன்றுக்கும் என் கையில் இருப்பது ஒரே பழமொழி. நோய்க்கும் பார், பேய்க்கும் பார். மருந்தையும் பார், சாமியையும் பார் என்று அர்த்தம். முன்னே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நான் விடப்போவதில்லை.

குன்றக்குடிக் கோயிலில் மருதுபாண்டியர் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். பெரிய மருதுவுக்கு முதுகில் ராஜபிளவை என்ற பெரிய கட்டி வந்து, அந்தக் கோயில் முருகன் சண்முகநாதன் விபூதியைப் பூசி ஆறியது என்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அதன் பிறகுதான் அந்தக் கோயிலுக்கு அவ்வளவு திருப்பணி. சரி, ஆனால் அரண்மனை வைத்தியர் மருந்தை நிறுத்திவிட்டுப் பூசினார்கள் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. விபூதி ஒரு கையிலும் களிம்பு ஒரு கையிலும் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது ஓர் ஆச்சி கதை. ஊரும் பேரும் வேண்டாம், இந்தக் கூட்டத்திலேயே உறவுக்காரர்கள் இருக்கலாம். ஆச்சிக்கு அறுபது தாண்டிய வயது. மார்பில் ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லை என்பதுதான் இதில் மோசம்; மார்பகப் புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் நம் பெண்கள் சேலை முந்தானைக்குள்ளேயே மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறார்கள். ஆச்சியும் அப்படித்தான். விபூதி பூசுவார், சஷ்டி இருப்பார், யாரிடமும் மூச்சு விடமாட்டார். கடைசியில் மருமகள் கண்ணில் பட்டுவிட்டது. மகன் மதுரைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார், அழுது பார்த்தார், சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். “முருகன் உத்தரவு இல்லாமக் கத்தி வைக்க மாட்டேன்” என்று ஒரே பேச்சு.

“சரி ஆத்தா, பூக்கட்டிப் பார்ப்போம்” என்றார் மகன். வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். குன்றக்குடி மலை மேல் போனார்கள். மகனே இலையில் இரண்டு பொட்டலம் கட்டினார். சன்னதியில் வைத்தாயிற்று. கீழே கடையில் கற்கண்டு வாங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். அது பொட்டலத்தை எடுக்காமல் கற்கண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது! கெஞ்சி, இன்னொரு கற்கண்டுப் பொட்டலம் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்து, ஒருவழியாக எடுத்தது. பிரித்தால் நந்தியாவட்டை. வெள்ளை. ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார், மறுநாளே மதுரை. ஆபரேஷன், அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ ஊசி, முடி கொட்டியது, அப்புறம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து, தலையில் பூனை முடி முளைத்திருந்த சமயம் வீட்டு வளவில் உட்கார்ந்து ஆச்சி மகனைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, அன்னிக்கு ரெண்டு பொட்டலத்திலயும் வெள்ளைப் பூதானே வச்சே?”

மகனுக்கு வேர்த்துவிட்டது. “எப்படித் தெரியும் ஆத்தா?”

“இறங்கி வரும்போது மத்ததைப் பிரிச்சுப் பாத்தேன்ல.”

“தெரிஞ்சுமா மதுரைக்கு வந்தே?”

“அவன் சன்னதியிலேயே பொய் சொல்லத் துணிஞ்சிட்டியேன்னு பாத்தேன். எம் பிள்ளை அவ்வளவு பயந்து போயிருக்கான்னு முருகன் காட்டிட்டான். வேற என்ன உத்தரவு வேணும்?”

கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள். மகன் செய்தது சரியா என்று பின்னால் ஓர் அண்ணன் கேட்கிறார். அதை முருகனும் மகனும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது வேறு. ஆச்சியின் நம்பிக்கை அவர் மகன் முகத்தின் வழியாக வந்தது. படுக்கையில் கிடப்பவருக்குச் சாமி பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆள் வழியாகத்தான் வருகிறது.

அப்பர் பெருமானை எடுத்துக்கொள்ளுங்கள். சூலை நோய் குடலை முறுக்கியபோது அவர் முதலில் தேடியது யாரை? அக்காவை. சமையல்காரரை அனுப்பிப் பார்த்தார், திலகவதியார் அவர் அப்போது இருந்த சமண மடத்துக்கு வர மறுத்தார். இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய் அக்கா காலில் விழுந்தார். திருநீறு தந்ததும் கோயிலுக்குள் அழைத்துப் போனதும் அக்காதான். அதற்குப் பிறகுதான் பதிகம். குணமான பின் அவர் எடுத்தது கோயில் புல் செதுக்கும் உழவாரம், அதைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

இன்னொரு அக்காவையும் சொல்லலாம். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். நோய்க்கும் பார் என்றால் அப்படிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது பகுதிக்கு வந்துவிட்டோம், சிகிச்சைக் காலம். கரண்ட் வைப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெஷினில் படுத்திருப்பது சில நிமிஷம். ஆனால் வாரத்தில் ஐந்து நாள், பெரும்பாலும் ஐந்து ஆறு வாரம், நடுவில் விடக்கூடாது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சில நிமிஷத்துக்கு நாலு மணி நேரம் பஸ், புண்பட்ட உடம்போடு. தினமும் முடியாதென்று ஆஸ்பத்திரி வராந்தாவிலும் எதிரே பிளாட்பாரத்திலும் பாயை விரிக்கிறார்கள். அரசுக் காப்பீடு சிகிச்சைக்கு உண்டு. கூட வந்த மகள் எங்கே குளிப்பாள், எதை அடுப்பில் வைப்பாள் என்பதற்கு ஏது காப்பீடு? அந்த மகள் சோர்ந்து ஊருக்குத் திரும்பினால் பாதியில் சிகிச்சை நின்றுபோகும். அப்புறம் நம்பிக்கை எந்த வழியாக வரும்?

காசியிலும் ராமேசுவரத்திலும் பழனியிலும் விடுதி கட்டிய செட்டிநாட்டுக்காரர்கள் நாம். யாத்திரைக்கு வருபவருக்கு இரண்டு நாள் தங்க இடம் கிடைத்தால் போதும். நோயாளிக்கு ஆறு வாரம் வேண்டும். ஆகவே நான் இரண்டு வருஷமாக எந்த மேடை ஏறினாலும் கேட்பதை இங்கேயும் கேட்கிறேன்: மதுரையில் ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. எட்டு அறை, ஒரு பொதுச் சமையலறை, ஒரு சின்ன பூஜை அறை. சாதி, ஊர், மதம் கேட்கக் கூடாது. நம் ஊர்களில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது! முகப்பில் பர்மா தேக்கு, உள்ளே வௌவால். பங்காளிகள் பதினேழு பேர், சாவி ஒருவரிடம், கையெழுத்துப் போட ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். தெரியும். ஆனால் அந்த வீட்டைச் சினிமா ஷூட்டிங்குக்கு விடும்போது மட்டும் பதினேழு கையெழுத்தும் ஒரே நாளில் வந்துவிடுகிறதே, அது எப்படி? அந்த வாடகையில் ஒரு பங்கைக் கேட்கிறேன். வீட்டைக் கேட்கவில்லை.

கொடுத்துப் பழகிய மண் இது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நோயோடு இருந்த காலத்திலும் கொடுத்தார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் தந்தார். 1957-இல் மறைந்தபோது அவருக்கு 48 வயதுகூட நிறையவில்லை.

மூன்றாவது பகுதி, குணமான பிறகு. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும்: நேர்த்திக்கடனைக் குணமான பிறகு செலுத்துங்கள், ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது பழனிக்கு நடக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்தச் சமயம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணு குறைந்திருக்கும், கூட்டத்தில் எதுவும் சட்டென்று தொற்றிக்கொள்ளும். நேர்ந்துகொண்டது நேர்ந்ததுதான், டாக்டர் சொன்ன வருஷம் நடங்கள், முருகன் காத்திருப்பான். டாக்டர் ஐயா தலையாட்டுகிறார். நோய்க்கும் பார், பேய்க்கும் பார்!

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. பணம் எழுதுவதற்கு ஒரு பக்கம். மதுரையில் இருப்பவர்கள் வாரத்தில் எந்தக் கிழமை ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுவர முடியும் என்று எழுதுவதற்கு எதிர்ப்பக்கம். எனக்கு எதிர்ப்பக்கம்தான் முக்கியம். நோட்டைத் தாண்டி நேரே பணியாரத்துக்குப் போகிறவர்களை ஆச்சிமார்கள் பார்த்துக்கொள்ளட்டும். வணக்கம்.