சாயங்காலம் ஆறரைக்கு எங்கே போவது?

நேயர்களுக்கு வணக்கம்.

சபரிமலைக்கு மாலை போட்டு, ஒரு மண்டலம் மதுவை ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றே கடைவாசலில் நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மன உறுதி இல்லாதவன் என்று ஊர் சொல்லும். 41 நாள் நிறுத்தியவருக்கா உறுதி இல்லை? அந்த நாட்களில் அவருக்குச் சாயங்காலம் ஒரு பஜனை இருந்தது, கூட நாலு சாமிகள் இருந்தார்கள், ஒரு குருசாமி இருந்தார். மலை இறங்கியதும் அந்தத் துணை கலைந்துவிட்டது. ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அதன் கூட்டங்கள் தருவது அந்தத் துணையைத்தான். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் தொடங்கியது. இரண்டு பேருமே குடிநோயாளிகள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுக்கத்துக்காகவே ஊற்றிக்கொள்பவர், தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். இவர்கள் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் யோசனை கேட்கலாம். ஏ.ஏ. கூட்டத்தில் மாத்திரை கொடுப்பதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி அங்கே யாராவது சொன்னால் கேட்கவும் வேண்டாம்.

கூட்டத்தைத் தேடும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் தேடினால் முன்னால் வந்து நிற்பது மறுவாழ்வு மையங்களின் விளம்பரம். போனை எடுத்தவர் மாதக் கட்டணம் சொன்னாலோ, "வண்டி அனுப்புறோம், ஆளைத் தூக்கிட்டு வந்துடுறோம்" என்றாலோ, அது ஏ.ஏ. இல்லை. ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது, ஆதார் அட்டை கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகப் பார்க்கலாம், மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளரிடமும் விசாரிக்கலாம்.

எண் கிடைத்ததும் ஐந்து விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, தமிழில் நடக்கிறதா, வெளியாட்களும் வரலாமா, வாசலில் யாரைப் பார்ப்பது. முகவரியை விட அடையாளம் முக்கியம்: எந்த ஸ்டாப்பில் இறங்கி, எந்தக் கேட் வழியாக, மாடியா கீழேயா. கூட்டங்கள் பெரும்பாலும் இரவல் இடத்தில் நடப்பவை. பள்ளிக்கூட வகுப்பறையாக இருக்கும். அன்றைக்குப் பரீட்சை என்றால் பூட்டிக் கிடக்கும். தயங்கித் தயங்கி முதல்முறை போனவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால், அன்று ராத்திரி அவர் எங்கே போவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் போகிற நாள் மத்தியானம் இன்னொரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். வாட்ச்மேனிடம் "ஏ.ஏ. மீட்டிங்" என்று சொன்னால் போதும்.

உள்ளே நாற்காலிகள் போட்டிருக்கும், பல இடங்களில் டீ கிடைக்கும். ஒருவர் எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார். அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லி உட்காரலாம். கடைசியில் உண்டியல் சுற்றி வரும். புதியவர் போட வேண்டியதில்லை. வெளியாட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதல் கூட்டம் பலருக்குப் பிடிக்காது. "என்னை விட மோசமான கேஸெல்லாம் இருக்கு, நான் அந்த அளவு இல்லை" என்று தோன்றும். ஒன்றை வைத்து முடிவு செய்யாமல் ஐந்தாறு கூட்டமாவது உட்கார்ந்து பாருங்கள். ஒரு குழு ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போகலாம். இடையில் குடித்துவிட்டாலும் மறுபடி போகலாம், விரட்ட மாட்டார்கள்.

மனைவிமார், தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மூடிய கூட்டம், அதாவது குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என்றால் நீங்கள் உள்ளே போக முடியாது. திறந்த கூட்டமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் குழுக்கள் உண்டு, வீட்டில் குடிப்பவர் ஏ.ஏ.வுக்கு வராவிட்டாலும் நீங்கள் போகலாம். சாப்பாட்டில் தெரியாமல் குடி நிறுத்தும் மாத்திரை கலப்பது மட்டும் வேண்டாம். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகலாம்.

கடைசியாக, திரும்பி வருகிற வழி. ஆறரைக்குத் தொடங்கும் கூட்டம் ஏழரை, எட்டுக்கு முடியும். டாஸ்மாக் பத்து மணி வரை திறந்திருக்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் பஸ் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள், ஸ்டாண்டில் சும்மா நிற்கிற முக்கால் மணி நேரம் ஆபத்தானது. பழைய உறுப்பினர் இரண்டு பேரின் எண்ணை அன்றே வாங்கி, பஸ் ஏறும்வரை ஒருவரைக் கூட வரச் சொல்லுங்கள். கேட்டால் வருவார்கள்.

வணக்கம்.