தடுப்பது மனமல்ல, சுற்றத்தின் வாயே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழையையும் கொழும்புக் காலி வீதி நெரிசலையும் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் பெரியோரே, வணக்கம்.

துணையை இழந்தவரை மீண்டெழ விடாமல் தடுப்பது சொந்த மனமா, சுற்றத்தின் வாயா? இதுதான் கேள்வி. மனம்தான் என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். துயரத்துக்கு ஐந்து படிகளாம். மனம் அவற்றை ஏறி முடிக்கும்வரை யாராலும் எதுவும் செய்ய இயலாதாம். ஐயா, மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அந்தப் படிகளை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. மிஞ்சியிருந்து அழுபவர்களுக்கு அது பிற்பாடுதான் பொருத்தப்பட்டது.

1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். துக்கப்பட்ட மனம் ஒரே திசையில் போவதில்லை. கொஞ்சம் அழும், எழும்பிப்போய் லைட் பில் கட்டும், பிள்ளையை ரியூசனுக்குக் கூட்டிப்போகும், வந்து திரும்பவும் அழும். இப்படிப் போய்வருவதுதான் தேறும் வழி. ஆக, மனம் தன் வேலையைச் சரியாகத்தான் பார்க்கிறது. பொறுக்காதவர்கள் நாங்கள்.

மீன் விலை பேசும்போது புருசனை இழந்தவ சிரித்துவிட்டால், "மனுசன் போய் எத்தினை நாள், சிரிப்பைப் பார்!" அழுதால், "இன்னும் அழுதுகொண்டிருந்தால் பிள்ளையளை ஆர் பாக்கிறது?" தொடர்மாடி லிஃப்ட் நாலாம் மாடியிலிருந்து கீழே வருவதற்குள் பொட்டு, சாறியின் நிறம், வேலை முடிந்து வீடு வரும் நேரம் மூன்றுக்கும் தீர்ப்பாகிவிடும். நடுவர் அவர்களே, உங்களுக்குக்கூட இன்று அதைவிட நேரம் எடுக்கும்!

சுற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுப்பு மூட்டாத செத்தவீட்டுக்குத் தேத்தண்ணியும் சோறும் கொண்டு வருவது அயல்தான். ஆனால் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து, கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, மதியபோசனமும் முடித்துப் போனால் வரவு நின்றுவிடும். கதை மட்டும் நிற்காது.

மனைவியை இழந்தவருக்கோ முதலாண்டு நினைவான ஆட்டத் திவசத்துக்கு முன்பே, "பாவம், ஆர் சமைச்சுப் போடுறது?" என்று பெண் தேடத் தொடங்கிவிடுவோம். மனம்தான் தடை என்றால் அவருக்கு மட்டும் அந்தத் தடை எங்கே போனது? விடுவதும் மறிப்பதும் யார் என்று இதிலேயே தெரியவில்லையா?

ஒரு கலியாணத்தில் கண்ணால் கண்டேன். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தையல் தைத்து வளர்த்த தாய், மண்டபத்துக்கு முற்பணம் கட்டியவ. ஆலாத்தித் தட்டில் திரியை அவவே நனைத்து வைத்தா. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் ஒரு பெரியம்மா, "நீ கொஞ்சம் அங்கால நில் பிள்ளை" என்று தட்டை வாங்கிக்கொண்டா. அவ மறுபேச்சில்லாமல் தூணுக்குப் பின்னால் போனா.

அவவை அங்கே அனுப்பியது அவவின் மனமா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதற்கு விடை சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும். மணி அடித்துவிட்டது, அமர்கிறேன். நன்றி, வணக்கம்.